நான்காம் கட்டத்துத் துளி

ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். பயம் எனக்குப் புதிதல்ல. பனிச்சரிவு வருகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். எதிர் மலையிலிருந்து வந்த குண்டு ஒன்று எங்கள் சமையல் கூடாரத்தில் விழுந்து, வெந்துகொண்டிருந்த பருப்பைச் சட்டியோடு கொண்டுபோனதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் பயந்தேன்தான், ஆனாலும் சோறு இறங்கியது. சோறு இறங்காத பயம் எப்படி இருக்கும் என்பது, சொந்த ஊரான திருவண்ணாமலைக்கு வந்து, மாவட்ட மக்கள் விழிப்புணர்வு மற்றும் நல்லொழுங்கு மையத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறின பிறகுதான் தெரிந்தது.

என் பெயர் அஜ்மல். ஓய்வு பெற்று வந்ததும் செங்கம் ரோட்டில் ஒரு விடுதி வாசலில் காவலாளி வேலை கிடைத்தது. வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். ஜெனரலுக்கு அடித்த கை, காருக்குள்ளே தூங்கிக்கொண்டு வருகிற ஆளுக்கும் அடிக்கும், மனசுதான் அடிக்காது. அந்தச் சமயத்தில் மையத்தில் ஓவியப் பயிற்றுநர் இடம் ஒன்று வந்தது. முன்னாள் படைவீரருக்கென்று ஒதுக்கின ஒரே இடம். கீழ்பென்னாத்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தர வேண்டும். நேர்முகத்தில் தேறிவிட்டேன். பாக்கி ஒன்றே ஒன்று. மையத்தின் நெறியாளர் ராஜமாணிக்கம் கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சான்று. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் அது வரவில்லையென்றால் இடம் காலாவதி ஆகிவிடும். எனக்கு அந்த வேலை வேண்டும். இதற்கு மேல் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பட்டாளத்துக்காரனுக்குப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்க அத்தா ஜானி பாஷா ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விட்டவர். அவரிடம் மூன்று மாசம் சைக்கிள் எடுத்த ஜப்பான் அம்மா ஒருத்தர் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறைய காமிக்ஸ் புத்தகம் விட்டுவிட்டுப் போனார். லீவில் வந்திருந்த நான் பெட்டியோடு மலைக்கு எடுத்துப் போனேன். ஆறு மாசம் பனி மூடிக் கிடந்த பங்கரில் எனக்கு வேறு துணை இல்லை. ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்தது. ஓடுகிறவன் பின்னால் நாலு கோடு போட்டால் அவன் ஓடுகிறான். நெற்றியில் நரம்பு புடைத்தால் கோபம். நெற்றியோரம் பெரிசாய் ஒரு துளி போட்டால், ஆள் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறான். சரக்குப் பெட்டி அட்டையில் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தே கற்றுக்கொண்டேன். அந்தத் துளிதான் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டது.

சான்று கேட்டு முதல் தடவை போன அன்று ராஜமாணிக்கம் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"நீங்க ஆர்ட்டிஸ்ட் இல்லையா மிஸ்டர் அஜ்மல்? கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி. வருஷா வருஷம் குழந்தைங்க காணாமப் போவுது. நாலு பக்கத்துல ஒரு சித்திரக் கதை போட்டுக் குடுங்க. ஜனங்களுக்கு விநியோகம் பண்ணலாம். உங்க நடத்தைய பாத்த மாதிரியும் ஆச்சு."

போட்டேன். நாலு ராத்திரி கண் விழித்துப் போட்டேன். ஜப்பான் புத்தகம் வலமிருந்து இடம் போகும், நான் நம் ஆட்களுக்குத் தோதாக இடமிருந்து வலம் போட்டேன். கிரிவலக் கூட்டத்தில் ஒரு பெண் குழந்தை தொலைந்து போகிறது. நான்காம் கட்டத்தில் அடையாள அட்டை மாட்டின ஓர் அலுவலர் முன்னால் வந்து நின்று ஓவென்று அழுகிறது. அவருக்கு ஒரு நிமிஷம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெற்றியோரம் ஒரு துளி. ஐந்தாம் கட்டத்தில் சுதாரித்துக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார். குழந்தையின் மணிக்கட்டில் அம்மாவின் போன் நம்பர் எழுதியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அம்மா. கீழே, 'புறப்படும் முன் உங்கள் குழந்தையின் கையில் போன் நம்பரை எழுதுங்கள்.' அவ்வளவுதான் கதை.

இரண்டாம் நாளே கூப்பிட்டார்கள். ராஜமாணிக்கம் மேஜையில் என் படம் விரித்திருந்தது. பக்கத்தில் கண்காணிப்பாளர் அருணாதேவி மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பேனா திறந்தபடிதான் எப்போதும் இருப்பார். மூடி நான் பார்த்ததே இல்லை.

"இது இன்னா?" என்று விரலை வைத்தார் ராஜமாணிக்கம்.

"வேர்வை சார்."

"யாருக்கு?"

"அந்த ஆபீசருக்கு சார்."

"ஆபீசருக்கு எதுக்கு வேர்க்கணும்?"

ஜப்பான் வழக்கத்தை விளக்கினேன். பட்டாளத்து வழக்கப்படி நிமிர்ந்து நின்று, சத்தமாக, ஒழுங்காக விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப ஒரு அரசு அலுவலர், பொதுஜனம் முன்னாடி, ஒரு நிமிஷம் இன்னா பண்றதுன்னு தெரியாம நிக்கிறார்ன்றீங்க."

"ஒரு நிமிஷம்தான் சார். அப்பால தூக்கிக்கிறாரு சார்."

"மிஸ்டர் அஜ்மல், எனக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். இன்னா பண்றதுன்னு தெரியாம நான் ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல. உக்காந்துதான் இருந்திருக்கேன்."

அருணாதேவி மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

என் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. "அழிச்சிடறேன் சார், ஒரு செகண்டு" என்று பையிலிருந்து ரப்பரை எடுத்தேன்.

"தொடாதீங்க!" என்று மேடம் போட்ட சத்தத்தில் ரப்பர் கீழே விழுந்து மேஜைக்கடியில் உருண்டது. "நான்காம் கட்டத்தில் துளி ஒன்று காணப்படுகிறதுன்னு குறிப்புல ஏத்தியாச்சு. இப்ப அழிச்சீங்கன்னா, இல்லாத துளிய நாங்க பாத்தோம்னு ஆயிடும். எங்க வேலைக்கே ஆபத்து."

"அப்ப இன்னா பண்றது மேடம்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தை நான் பார்க்காத மாதிரி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

வீட்டில் ரூபீனாவிடம் சொன்னேன். என் மனைவி எதற்கும் சட்டென்று பயப்படுகிறவள் இல்லை. நான் எல்லையில் இருந்த காலமெல்லாம் டிவி செய்தியை அணைத்துவிட்டுத் தையல் மெஷினை மிதித்தவள். அன்றைக்கு மிதிப்பதை நிறுத்தினாள்.

"நம்ம பேரு ஒரு காயிதத்துல ஏறக் கூடாதுங்க. ஏறினா இறங்காது. பேசாம சிரிக்கிற மூஞ்சியா போட்டுக் குடுத்திருக்கலாமில்ல?"

"குழந்தை அழுவும்போது சிரிச்சா அது இன்னும் மோசமில்லையா?"

"யா அல்லா! இப்பவும் படத்தப் பத்தியே பேசுறீங்களே."

அடுத்த வாரம் துளி ஆய்வுக் குழு அமைத்தார்கள். என்னையும் ஓரத்தில் நிற்க வைத்தார்கள். துளியை அளந்தார்கள், நான்கு மில்லிமீட்டர். முதலில் அது எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மழைத்துளியாக இருக்கலாமே என்றார் ஒருவர். மழை என்றால் பந்தல் ஏன் போடவில்லை என்று ஜனங்கள் கேட்பார்கள், அதனால் மழை இல்லை என்று எழுதினார்கள். கண்ணீர் என்றால் அலுவலர் எதற்கு அழ வேண்டும் என்ற கேள்வி வரும், அதனால் கண்ணீரும் இல்லை. தீர்த்தம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னபோது எல்லோருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் தீர்த்தம் நெற்றியோரம் மட்டும் ஏன் பட்டது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. வெங்காய போண்டா வந்தது. போண்டாவுக்குப் பிறகு ஓய்வு பெற்ற ஒரு டாக்டரைக் கேட்டார்கள். கார்த்திகைக் குளிரில் ஒரு மனுஷனுக்கு வியர்த்தால் ஒன்று நெஞ்சுவலி, இல்லாவிட்டால் பயம் என்றார் அவர்.

"நெஞ்சுவலின்னா லீவு போட்டிருப்பாரு. ட்யூட்டியில நிக்கிறாரே. அப்ப பயம்தான்" என்று தீர்ப்பு சொன்னார் ராஜமாணிக்கம்.

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் பதறிப்போனார். பயம் என்று ஏற்றியாகிவிட்டது. இனி எதற்குப் பயம் என்று கேள்வி வரும். அதற்கு முன்னால், பயப்படுகிறவர் யார் என்று தெரிய வேண்டும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

"சார், அது யாரும் இல்ல சார். சும்மா ஒரு மூஞ்சி சார்" என்றேன்.

"சும்மா ஒரு மூஞ்சின்னு அரசாங்கத்துல எதுவும் கெடையாது. அடையாள அட்டை போட்டிருக்கான் இல்ல?"

தீபக் கூட்டத்தில் பணிபுரிய வேண்டிய பத்தொன்பது அலுவலர்களுக்கும் ஒரு குறிப்பாணை போயிற்று. 'இணைப்பில் உள்ள சித்திரத்தின் நான்காம் கட்டத்தில் வியர்த்து நிற்பவர் தாங்களா என்பதை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'

பத்தொன்பது பதிலும் இரண்டே நாளில் வந்துவிட்டன. மையத்தின் வரலாற்றிலேயே கெடுவுக்கு முன்னால் பதில் வந்தது அதுதான் முதல் தடவை என்று அலுவலக உதவியாளர் இருசப்பன் சொன்னார். இருசப்பன் ஒருத்தர்தான் அந்தக் கட்டடத்தில் என்னை ஆளாக மதித்துப் பேசினவர். "பாய், உன்ன மேல கூப்புடறாங்க. வவுத்துக்கு எதனா போட்டுகினு போ. லேட்டாவும்" என்றார்.

பதில்களில் சொல்லப்பட்ட முகமும் படத்து முகமும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. வரைந்தவன் நான்தானே. மேடம் எதிரே உட்கார்ந்துகொண்டார். படித்தேன்.

'நான்காம் கட்டத்தில் உள்ளவர் நான் அல்ல. கிரிவலப் பாதைக் கழிவறைகளில் கதவு இல்லாததற்கும் எனக்கும் தொடர்பில்லை. அக்கதவுகள் என் மாமனார் வீட்டில் இருப்பதாகச் சொல்லப்படுவது வதந்தி.'

'எனக்கும் மீசை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் படத்திலுள்ள மீசை இடப்புறம் சற்று உயர்ந்துள்ளது. மேலும், நாய் பிடிக்கும் வண்டி ஆறு மாதமாக எங்கே நிற்கிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.'

'எனக்கு வியர்ப்பதில்லை. மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது.'

'படத்தில் உள்ளவர் அடுத்த கட்டத்தில் குழந்தைக்கு உதவி செய்கிறார். ஆகவே அது நான் இல்லை என்பது தெளிவு.'

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பத்தொன்பது பேரும் வரிசையாக வந்து சொல்லியிருந்தார்கள். கதவைப் பற்றி யார் கேட்டார்கள்? நாய் வண்டியைப் பற்றி யார் கேட்டார்கள்? எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரியக் கூடாததெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'படித்துப் பார்த்தேன்' என்று நான் கையெழுத்து வேறு போட்டிருந்தேன்.

"நீங்க போட்டது ஒரு துளி. இன்னா இன்னா வெளிய வந்துச்சி பாத்தீங்களா?" என்றார் மேடம். "இத நான் மேல அனுப்பினாலும் போச்சு, அனுப்பலைன்னாலும் போச்சு. எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்குது மிஸ்டர் அஜ்மல். உங்களுக்கு ஒரு பூ வரையத் தெரியாதா?"

முதல் தடவையாக அந்த அம்மாளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். தெருவிளக்குக்குப் பொறுப்பான வேணு என்பவர் பட்டப்பகலில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணே, அச்சுக்கு நகல் ஒண்ணு வரைஞ்சி கேப்பாங்க உங்கள. அப்ப அந்தாளுக்கு ஒரு கண்ணாடி மாட்டி வுட்ருங்க. எனக்குக் கண்ணாடி கெடையாது. ஆபீசே பாக்குது, மூஞ்சி என்னுதுன்றாங்க."

"சார், உங்க மூஞ்சிய இன்னும் நான் பாக்கவேயில்லயே."

"பாக்காதீங்க. அதான் நல்லது" என்று ஹெல்மெட்டின் முன்மூடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

நகல் கேட்டார்கள். கண்ணாடி மாட்டினேன். கண்ணாடி போட்ட ஏழு பேர் விடுதி வாசலுக்கு வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார்கள். கண்ணாடியை எடுத்து வழுக்கை வைத்தேன். மறுநாள் இரண்டு பேர் தொப்பி போட்டுக்கொண்டு அலுவலகம் வந்ததாக இருசப்பன் சொன்னார். கடைசியில் தாங்க முடியாமல் கண், மூக்கு, மீசை எதுவும் இல்லாமல் வெறும் முட்டை மாதிரி ஒரு முகம் போட்டு, ஓரத்தில் துளியை மட்டும் வைத்துக் கொடுத்தேன். துளியை எடுக்கத்தான் உத்தரவில்லையே.

ராஜமாணிக்கம் அதைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"மூஞ்சி இல்லைன்னா இது யாரா வேணும்னாலும் இருக்கலாமே! நானாகூட இருக்கலாமே!"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

இதற்குள் தீபம் வந்துவிட்டது. படம் அச்சுக்குப் போகவில்லை. ஒப்புதல் நிலுவையில் இருந்தது. நான் விடுதி வாசலில் நின்றேன். ஊரே கால் வைக்க இடமில்லாமல் நெரிந்துகொண்டிருந்தது. மத்தியானத்தில் ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. சின்னப் பையன் கையைப் பிடித்து, சட்டைப்பையிலிருந்த வரைபேனாவால் அவன் மணிக்கட்டில் அவன் அம்மா நம்பரை எழுதிவிட்டேன். பார்த்த இன்னொரு அம்மா தன் பிள்ளையைக் கொண்டுவந்தார். பிறகு வரிசையே நின்றுவிட்டது. நாற்பது ஐம்பது கை எழுதியிருப்பேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிம்மதியாக இருந்தது.

அப்போது கூட்டத்தில் ஒரு அடையாள அட்டை தெரிந்தது. பத்தொன்பது பேரில் ஒருவர். யார் என்று தெரியவில்லை.

"யாரு ஒப்புதல் குடுத்தது உங்களுக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்குக்கூட நிற்காமல் கூட்டத்தோடு போய்விட்டார்.

பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். அடுத்து நின்றது ஒரு பெண், செய்யாறு பக்கமிருந்து வந்தவள். இடுப்பில் பச்சைச் சட்டை போட்ட குழந்தை. குழந்தை கையை அதுவாகவே என் பக்கம் நீட்டியது.

"எழுதிக் குடுங்கண்ணா."

"ஒப்புதல் இல்லம்மா."

"இன்னாண்ணா?"

"எழுதக் கூடாதாம்மா. போயிட்டு வாங்க."

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். பச்சைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏறியபோது ஊரே கை கூப்பிக் கத்தியது. நான் மட்டும் பச்சைச் சட்டையைத் தேடிக்கொண்டு நின்றேன். அவர்களை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. லட்சக்கணக்கான ஜனத்தில் எங்கே பார்ப்பது.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி இறுதி விசாரணை. இன்னும் இரண்டு நாளில் இடம் காலாவதி. ரூபீனா என் பட்டாளத்துக் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "இன்னா சொன்னாலும் ஆமான்னுடுங்க" என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னாள். பத்தொன்பது பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராஜமாணிக்கம் எழுந்து பேசினார்.

"இந்த மையம் மக்களோட பயத்தப் போக்கறதுக்காக உண்டானது. மக்கள் வர்றதில்ல, அதனால அந்த வேலை நல்லபடியா நடக்குது. இங்க யாருக்கும் யாரப் பாத்தும் பயம் கெடையாது. பயம் இருக்குன்னு யாராவது சொன்னா, அவங்க மேல நடவடிக்கை எடுப்பேன். யாருக்காவது பயமிருக்கா?"

யாருக்கும் இல்லை.

"நல்லது. இப்ப விஷயத்துக்கு வர்றேன். பத்தொன்பது பேரும் எழுத்துமூலமா மறுத்துட்டாங்க. நான் மறுக்கலை. நான் மறுத்தா சந்தேகம் வரும். அதனால என்னைக் கணக்குல சேர்க்கக் கூடாது. அப்ப மறுக்காத ஆள் யாரு பாக்கி?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"மிஸ்டர் அஜ்மல், நீங்க மறுத்து எதனா எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"என்ன யாரும் கேக்கல சார்."

"அப்ப மறுக்கலை. வரையிறவன் எதிர்ல கண்ணாடி வெச்சிகினு தன் மூஞ்சியையே வரையிறது உலக வழக்கம். படத்துல இருக்கறது நீங்கதான். எழுதிக் குடுங்க."

அறை முழுக்கப் பெருமூச்சு விட்ட சத்தம் கேட்டது. வேணு அன்றைக்குத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். பாவம், படத்துக்கும் அவர் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. மேடம் வெள்ளைத் தாளை நகர்த்தினார். இரண்டு நாள்தான் இருக்கிறது. 'நான்காம் கட்டத்தில் வியர்த்து நிற்பவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மேடம் தாளைப் படித்தார். படத்தைப் பார்த்தார். பேனா நின்றுவிட்டது.

"சார்... படத்துல இவர் அடையாள அட்டை போட்டிருக்காரு சார். இவர் அரசு அலுவலர் இல்லையே."

"அதனால?"

"அரசு அலுவலர் அல்லாத ஒருத்தர், அலுவலரா வேஷம் போட்டு, ஒரு குழந்தையத் தூக்கிகினு போறாரு சார். அஞ்சாவது கட்டம்."

ஆள்மாறாட்டம். குழந்தை கடத்தல். பட்டாளத்துக் கோட்டு போட்டுக்கொண்டு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிர்தௌஸ் முகம் கண் முன்னால் வந்தது. என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். 'ஏறினா இறங்காது' என்று ரூபீனா சொன்னது காதில் கேட்டது. பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தரும் என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை. ஏனென்றால் ராஜமாணிக்கமும் உட்கார்ந்துவிட்டார்.

"படத்து மேல மையத்தோட முத்திரை இருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்குது சார். நீங்கதான் போடச் சொன்னீங்க."

"அப்ப ஆள்மாறாட்டத்துக்கு மையமே துணை போன மாதிரி ஆவுது."

"ஆவுது சார்."

கடைசியில் வாசலில் தண்ணீர் ஜக்கோடு நின்ற இருசப்பன் தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க சார். பாயை ஆபீசராக்கிட்டா வேஷம்னு ஆவாதே."

அந்தக் கட்டடத்தில் இவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை. நன்னடத்தைச் சான்று தட்டச்சாகி வந்தது. 'நடத்தை மிக நன்று, அச்சமற்றவர்.' நியமன ஆணையும் வந்தது, படம் வரைவதற்கு ஒரு வாரம் முந்தின தேதியில். ராஜமாணிக்கம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, எழுந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை என் கையைவிட ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஆணையைக் காட்டினதும் ரூபீனா அதைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு அழுதாள். அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். அன்றைக்குச் சோறு இறங்கியது.

ஜனவரியில் கீழ்பென்னாத்தூர் பள்ளியில் சேர்ந்தேன். முப்பத்தாறு பிள்ளைகள். கழுத்தில் புதிய அடையாள அட்டை. முதல் வகுப்பில் கரும்பலகையில் ஓடுகிற முயல் ஒன்றைப் போட்டு அதன் பின்னால் நாலு கோடு இழுத்தேன். "சார், ஓடுது சார்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். இதற்காகத்தான் இவ்வளவும் பட்டோம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், வாசலில் இருசப்பன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு உறை.

"வாழ்த்து சொல்ல வந்தீங்களாண்ணே?"

"அதுக்கும்தான் பாய். மொதல்ல இதுல கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

பிரித்தேன். குறிப்பாணை.

'அரசு அலுவலராகிய தாங்கள், பணியில் இருந்தபோது, பொதுமக்கள் முன்னிலையில், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிடம் வியர்த்து நின்றது தங்கள் வாக்குமூலத்தால் உறுதியாகிறது. இது பணி ஒழுங்குக்கு மாறானது. தங்கள் நியமனத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு உடனடியாக விளக்கம் அளிக்கவும்.'

"பதிலோட வரச் சொன்னாரு. நாலரை பஸ்ஸ வுட்டா அடுத்தது லேட்டு" என்றார் இருசப்பன்.

மேஜைக்குப் போனேன். தாள் எடுத்தேன். பிள்ளைகள் முயலை வரைந்துகொண்டிருந்தார்கள். யோசிக்கவே இல்லை. பேனா தானாகப் போயிற்று.

'நான்காம் கட்டத்தில் உள்ளவர் நான் அல்ல. பயத்தில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன். மேலும், தீபத்தன்று செங்கம் ரோடு விடுதி வாசலில், பச்சைச் சட்டை போட்ட குழந்தை கையை நீட்டியும், நம்பர் எழுதாமல் கூட்டத்துக்குள் அனுப்பியது நான் அல்ல.'

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். குழந்தையைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அந்த வரியை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனேன்.

இருசப்பன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"அடிக்காத பாய். அடிச்சா, இன்னாத்த அடிச்சேன்னு கேப்பாங்க."

கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன்.